தர்ஸ்டன் கவுண்டியின் ஜார்ஜ் புஷ்: ஒரு பட்டாவுக்காக ஒரு தனிச்சட்டம்

1855ஆம் ஆண்டு பிப்ரவரி 10 அன்று அமெரிக்கக் காங்கிரஸின் தனிச்சட்டம் ஒன்று ஒரே ஒரு விவசாயிக்காக நிறைவேறியது. வாஷிங்டன் ஆட்சிப்பகுதியின் தர்ஸ்டன் கவுண்டியைச் சேர்ந்த ஜார்ஜ் புஷ்ஷுக்கு நிவாரணம் அளிக்கும் சட்டம் என்பது அதன் தலைப்பு. ஏறத்தாழப் பத்து ஆண்டுகளாகத் தாமே உழுது பயிரிட்டுவந்த 640 ஏக்கர் நிலத்தை அவர் தம் பெயரில் பதிவு செய்துகொள்ளலாம் என்பது அதன் சாரம். அந்தத் தலைப்பில் இரண்டு மனிதர்களின் பெயர்கள் அருகருகே நிற்கின்றன. ஒருவர் அந்த மண்ணைப் பண்படுத்திய புஷ். மற்றவர் சாமுவேல் தர்ஸ்டன். கறுப்பினத்தவர் எவருக்கும் ஓர் ஏக்கர்கூடக் கிடைக்காத வகையில் நிலச் சட்டம் வகுக்கப்பட்டபோது அதைக் காங்கிரஸில் முன்னின்று நடத்தியவர் அவர். கவுண்டிக்குச் சூட்டப்பட்டது அவருடைய பெயர்தான்.

ஆட்சிப்பகுதி என்பது இன்னும் மாநிலமாகாத அமெரிக்க நிலப்பரப்பு. கவுண்டி என்பது அமெரிக்க மாநிலங்களின் உள்நிர்வாகப் பிரிவு. நம் மாவட்டத்துக்கு ஏறக்குறைய இணையானது, பல இடங்களில் அதைவிடச் சிறியது. நிலப் பதிவு, நீதிமன்றம், வரி, சாலை ஆகியவை அதன் பொறுப்பில் வரும். எனவே ஒரு கவுண்டியின் தொடக்க வரலாற்றைப் படிப்பதென்றால், யாருக்கு நிலம் எழுதப்பட்டது, யாருடைய சொல் நீதிமன்றம் ஏறியது, யார் வாக்களித்தார் என்று படிப்பதே ஆகும். அமெரிக்காவின் வடமேற்கு மூலையில், பசிபிக் கடல் நிலத்துக்குள் நீண்டு புகும் பியூஜெட் சவுண்ட் என்ற கடற்கழியின் தென்கோடியில் அமைந்த தர்ஸ்டன் கவுண்டியை இந்தக் கேள்விகளோடு அணுகினால், ஜார்ஜ் புஷ்ஷின் வழக்கு மையத்தில் வந்து நிற்கிறது. பின்னாளில் அதிபர்களான புஷ் குடும்பத்தாருடன் இவருக்கு உறவு ஏதுமில்லை என்பதைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுவது நல்லது.

மிசூரியிலிருந்து கிளம்பியவர்கள்

புஷ் பென்சில்வேனியாவில் பிறந்தவர். பிறந்த ஆண்டு 1779 என்றும், 1790ஐ ஒட்டியது என்றும் இரு வழக்குகள் உள்ளன. தாய் அயர்லாந்துக்காரர், ஒரு செல்வந்தரின் வீட்டில் வேலை பார்த்தவர். தந்தை மேத்யூ ஆப்பிரிக்க வம்சாவளியினர், ஆனால் இந்தியாவில் பிறந்தவர் என்பது குடும்பத்தின் வழிவந்த செய்தி. அது உண்மையானால் இந்தியப் பெருங்கடலின் கப்பல் வழிகளும் இந்தக் கதையின் வேரில் எங்கோ இருக்கின்றன. இளமையில் மேற்கு மலைப் பகுதிகளில் மென்மயிர்த் தோல் வணிகத்தில் ஈடுபட்டுப் பயணம் செய்த புஷ், பிறகு மிசூரியில் பண்ணை அமைத்து, 1831இல் ஜெர்மானிய வம்சாவளிப் பெண்ணான இசபெல்லா ஜேம்ஸை மணந்தார். ஐந்து மகன்கள் அங்கே பிறந்தார்கள்.

மிசூரி அடிமைமுறை சட்டப்படி நிலவிய மாநிலம். புஷ் ஒருபோதும் அடிமையாக இருந்தவரல்லர். கையில் பணமும் இருந்தது. ஆனால் அடிமைமுறை நடக்கும் நாட்டில் சுதந்திரக் கறுப்பினத்தவரின் இருப்பே சந்தேகத்துக்குரியதாகக் கருதப்பட்டது. வெள்ளை மனைவியும் கலப்பின மக்களும் உடைய ஒரு குடும்பத்துக்கு அந்தச் சந்தேகம் நாள்தோறும் வாசலில் நின்றிருக்கும்.

1844இல், பசிபிக் கரையோர ஓரிகன் பகுதிக்குச் செல்லும் ஓரிகன் பாதை எனப்படும் ஏறத்தாழ 2,000 மைல் நெடுவழியில், புஷ் குடும்பம் கூண்டு வண்டிகளில் புறப்பட்டது. உடன் வந்தவர்களில் முக்கியமானவர் மைக்கேல் சிம்மன்ஸ். மெக்அலிஸ்டர், கிண்ட்ரெட், ஜோன்ஸ் ஆகியோரின் குடும்பங்களும் சேர்ந்துகொண்டன. மேற்கு வழியை முன்பே அறிந்தவர் என்பதாலும், கைவசம் பொருள் இருந்தவர் என்பதாலும் புஷ் அந்தக் கூட்டத்தின் தூண்களில் ஒருவராக இருந்தார். வண்டியும் தானியமும் வாங்க வழியில்லாத அண்டை வீட்டாருக்கு அவர் செலவு செய்தார் என்பதும், வண்டியின் அடிப்பலகைக்குக் கீழே வெள்ளி நாணயங்களை ஒளித்துக் கொண்டுவந்தார் என்பதும் அந்தப் பகுதியில் தலைமுறைகளாகச் சொல்லப்பட்டுவருபவை.

அதே பயணத்தில் வந்த ஜான் மின்டோ என்ற இளைஞர், முதுமையில் எழுதிய நினைவுக் குறிப்பில் ஓர் உரையாடலைப் பதிவு செய்திருக்கிறார். வழியில் ஒருநாள் புஷ் அவரிடம் மனம் திறந்து பேசினார். ஓரிகனில் கறுப்பு நிறத்தவரை எப்படி நடத்துகிறார்கள் என்று கவனித்துப் பார்க்கப்போவதாகவும், சுதந்திர மனிதனுக்குரிய உரிமை அங்கே கிடைக்காவிட்டால் கலிபோர்னியாவுக்கோ நியூ மெக்சிகோவுக்கோ சென்று மெக்சிக அரசின் பாதுகாப்பைத் தேடப்போவதாகவும் சொன்னார். அப்போது அவ்விரு பகுதிகளும் மெக்சிகோவின் வசம் இருந்தன. மெக்சிகோ அடிமைமுறையை 1829இலேயே ஒழித்திருந்தது. முன்னோடி என்றதும் எதையும் எண்ணாமல் பாய்கிற துணிச்சல்காரரின் படமே நம் மனத்தில் வருகிறது. புஷ் அப்படிப்பட்டவரல்லர். ஆயிரக்கணக்கான மைல் வழிநெடுக, தான் போய்ச்சேரும் ஊர் தன்னை ஏற்குமா என்று கணக்குப் போட்டுக்கொண்டே, மாற்று நாடு ஒன்றையும் மனத்தில் குறித்துவைத்தபடி வண்டி ஓட்டியவர்.

கசையடிச் சட்டம்

அவர்கள் வழியில் இருந்தபோதே விடை எழுதப்பட்டுவிட்டது. 1844 ஜூன் மாதம், ஓரிகனில் குடியேறியவர்கள் தாமாக அமைத்திருந்த தற்காலிக அரசின் சட்டமன்றக் குழு, பீட்டர் பர்னெட் என்பவரின் முன்முயற்சியில் ஒரு சட்டத்தை நிறைவேற்றியது. அது அடிமைமுறையைத் தடைசெய்தது. அதே மூச்சில், சுதந்திரக் கறுப்பின ஆண்கள் இரண்டு ஆண்டுகளுக்குள்ளும் பெண்கள் மூன்று ஆண்டுகளுக்குள்ளும் ஓரிகனை விட்டு வெளியேற வேண்டும் என்றது. வெளியேறாதவர்களுக்கு 20க்குக் குறையாமலும் 39க்கு மிகாமலும் கசையடி; அதன் பின்னும் போகாவிட்டால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை மீண்டும் கசையடி. அவ்வாண்டு டிசம்பரில் கசையடிக்குப் பதிலாகக் கட்டாய வேலை என்று திருத்தினார்கள். 1845இல், ஒருவர் மேலும் செயல்படுத்தப்படாமலே, அந்தச் சட்டம் நீக்கப்பட்டது.

இங்கே ஒரு முரண்பாட்டைக் கவனிக்க வேண்டும். சிம்மன்ஸ்–புஷ் குழுவினர் முதலில் தெற்கே ரோக் ஆற்றுப் பள்ளத்தாக்கில் குடியேற எண்ணியிருந்தார்கள் என்றும், இந்தச் சட்டத்தால்தான் கொலம்பியா ஆற்றைக் கடந்து வடக்கே திரும்பினார்கள் என்றும் வழக்கமாகச் சொல்லப்படுகிறது. ஆனால் அவர்கள் வடக்கே குடிபெயர்ந்தது 1845இன் இறுதியில். அதற்குள் சட்டம் நீக்கப்பட்டிருந்தது. அப்படியென்றால் அந்தக் காரணம் பொய்யா? நான் அப்படிக் கருதவில்லை. சட்டம் போனாலும் அதை எழுதிய மனிதர்கள் போகவில்லை. அதே மனிதர்கள் மறுபடியும் எழுதமாட்டார்கள் என்பதற்கு உறுதி எதுவும் இல்லை. உண்மையில் 1849இல் புதிய தடைச் சட்டம் ஒன்று வந்தது. ஏற்கெனவே வசித்தவர்களை விட்டுவிட்டு, புதிதாக வருபவர்களைத் தடுத்தது. 1857இல் எழுதப்பட்ட ஓரிகன் அரசியலமைப்பிலேயே கறுப்பினத்தவரை விலக்கும் பிரிவு இடம்பெற்று, 1926 வரை ஏட்டில் நீடித்தது. நீக்கப்பட்ட சட்டத்தை நம்பாமல் விலகிப்போன புஷ்ஷின் கணிப்பு சரியாகவே இருந்தது.

கொலம்பியாவுக்கு வடக்கே நிலைமை வேறு. ஓரிகன் நாடு முழுவதும் அப்போது பிரிட்டனும் அமெரிக்காவும் கூட்டாக உரிமை கொண்டாடிய பகுதி. ஆற்றின் வடகரையில் அமெரிக்கத் தற்காலிக அரசின் கை எட்டவில்லை; நடைமுறை அதிகாரம் பிரிட்டனின் ஹட்சன் விரிகுடாக் கம்பெனியிடம் இருந்தது. அந்தக் கம்பெனியின் வான்கூவர் கோட்டைத் தலைவர் ஜான் மெக்லாக்லின், அமெரிக்கர்கள் வடகரையில் குடியேறுவதை விரும்பாத நிறுவனத்தின் ஊழியர். ஆயினும் பசியோடு வந்து நின்றவர்களைத் திருப்பி அனுப்பும் மனம் அவருக்கு இல்லை. பியூஜெட் சவுண்ட் கரையிலிருந்த நிஸ்குவாலி கோட்டையின் பொறுப்பாளர் டாக்டர் வில்லியம் டோல்மியும் அப்படியே. முதல் ஆண்டுக்கான கோதுமையும் பட்டாணியும் உருளைக்கிழங்கும் மாடுகளும் அங்கிருந்து கடனாகக் கிடைத்தன. அந்தக் கடன் இல்லாமல் முதல் குளிர்காலத்தை அந்தக் குடும்பங்கள் கடந்திருக்க முடியாது.

புஷ் புல்வெளி

1845 இலையுதிர்காலத்தின் இறுதியில், ஐந்து குடும்பங்களும் மணமாகாத இளைஞர்கள் சிலரும் டெஷூட்ஸ் ஆறு அருவியாக விழுந்து கடற்கழியில் கலக்கும் இடத்தை அடைந்தார்கள். சிம்மன்ஸ் அருவியருகே குடியமர்ந்து அதற்கு நியூ மார்க்கெட் என்று பெயரிட்டார். இன்றைய டம்வாட்டர் அதுதான். புஷ் அதற்குத் தெற்கே சில மைல் தள்ளி ஒரு திறந்த புல்வெளியைத் தேர்ந்தார். அது புஷ் புல்வெளி என்றே இன்றும் வழங்குகிறது.

அந்தப் பகுதி முழுவதும் வானளாவிய ஊசியிலைக் காடு. ஒரு பெருமரத்தை வெட்டிச் சாய்த்து, வேரைத் தோண்டி எடுத்து, அந்த இடத்தில் ஏர் பூட்ட ஒரு குடும்பத்துக்கு மாதக்கணக்கில் ஆகும். புல்வெளியிலோ வந்த முதல் வசந்தத்திலேயே உழலாம். ஆனால் அந்தப் புல்வெளி தானாக அமைந்ததில்லை. பனியாறுகள் விட்டுச்சென்ற சரளை மண் அதற்கு அடிப்படை என்றாலும், விட்டுவைத்தால் சில பத்தாண்டுகளில் காடு அதை மூடிவிடும். நிஸ்குவாலி முதலான பழங்குடி மக்கள் காலங்காலமாக அதற்குத் தீமூட்டி, மரக்கன்றுகள் எழாமல் காத்து, காமாஸ் என்ற நீலப்பூச் செடியின் கிழங்கை அங்கே தோண்டி எடுத்து உண்டுவந்தார்கள். குடியேறியவர்களின் கண்ணுக்குத் தரிசாகத் தெரிந்த நிலம் உண்மையில் பராமரிக்கப்பட்ட நிலம். அந்தக் கவுண்டியின் முதல் விளைச்சல் அந்தப் பராமரிப்பின் மேல்தான் விளைந்தது. முன்னோடி வரலாறுகள் பலவற்றில் விடுபட்டுப்போகும் செய்தி இது. எனக்கு மிக முக்கியமாகப்படுவதும் இதுவே.

புஷ் தேர்ந்த விவசாயி. மிசூரியிலிருந்து விதைகளும் கன்றுகளும் கொண்டுவந்தார். அவர் நட்டதாகப் போற்றப்படும் பட்டர்நட் என்ற வால்நட் (அக்ரூட்) இன மரம் ஒன்று, அந்த இனத்தின் இயல்பான வாழிடத்திலிருந்து பாதிக் கண்டம் தள்ளி, ஒன்றரை நூற்றாண்டுக்கு மேலாகப் பண்ணையில் நின்றது. கூண்டு வண்டியில், மாவுக்கும் துணிக்கும் சட்டிபானைக்கும் இடையில் ஒரு கொட்டைக்கோ நாற்றுக்கோ இடம் ஒதுக்கியவர், அறுவடைக்குப் பல ஆண்டுகள் காத்திருக்கும் எண்ணத்தோடுதான் அதை ஒதுக்கியிருப்பார்.

1846இல் அருவியில் மாவு அரைக்கும் ஆலை அமைந்தது. அதற்கான கற்களைக் கடற்கரைப் பாறையிலிருந்தே செதுக்கினார்கள். 1847இல் மரம் அறுக்கும் ஆலை வந்தது. அறுத்த பலகைகள் கம்பெனியின் வழியாகச் சந்தைக்குப் போயின. ஆலைத் தொழிலில் புஷ்ஷும் பங்குதாரராக இருந்தார். அதே 1847இல் அவருடைய ஆறாவது மகன் பிறந்தான். அவனுக்கு லூயிஸ் நிஸ்குவாலி என்று பெயர் வைத்தார்கள். அண்டை மக்களின் பெயரைத் தங்கள் பிள்ளைக்குச் சூட்டியதைத் தற்செயல் என்று ஒதுக்க முடியாது. மகன்கள் நிஸ்குவாலி மொழி பேசக் கற்றார்கள். அம்மை நோய் பழங்குடி ஊர்களில் பரவியபோது புஷ் தம்பதியினர் நோயாளிகளுக்குப் பணிவிடை செய்தார்கள் என்றும் கூறப்படுகிறது.

1846 ஜூன் 15 அன்று கையெழுத்தான ஓரிகன் ஒப்பந்தம் 49ஆம் அட்சரேகையை எல்லையாக வகுத்தது. பியூஜெட் சவுண்ட் அமெரிக்காவுக்கு வந்தது. புஷ்ஷும் சிம்மன்ஸும் குடியேறியதால்தான் இப்பகுதி அமெரிக்காவின் கைக்கு வந்தது என்ற உள்ளூர்ப் பெருமிதம் சற்று மிகையானது. சில மாதங்களே ஆன ஒரு சிறு குடியிருப்பு, தலைநகரங்களான வாஷிங்டனிலும் லண்டனிலும் நடந்த பேரத்தின் போக்கை மாற்றியிருக்காது. ஆனால் அந்த ஒப்பந்தம் புஷ்ஷின் வாழ்வை மாற்றியது என்பது உறுதி. எந்த அரசின் சட்டத்துக்கு எட்டாத தொலைவில் அவர் போய் அமர்ந்தாரோ, அந்த அரசு அவருடைய வயலுக்கே வந்துசேர்ந்தது.

தர்ஸ்டனின் சட்டமும் தர்ஸ்டனின் பெயரும்

1848இல் ஓரிகன் முறையான ஆட்சிப்பகுதியாயிற்று. 1849இல் அதன் முதல் காங்கிரஸ் பிரதிநிதியாகத் தேர்வானவர் சாமுவேல் தர்ஸ்டன். மெய்ன் மாநிலத்தவர், வழக்கறிஞர், ஓரிகனுக்கு வந்து இரண்டு ஆண்டுகளே ஆகியிருந்தன. குடியேறியவர்கள் எல்லோரும் ஒரே கோரிக்கையை அவரிடம் கொடுத்தனுப்பினார்கள்: உழுத நிலத்துக்குப் பட்டா வேண்டும். எந்தக் குடும்பத்துக்கும் அதுவரை சட்டப்படியான உரிமை கிடையாது, அனுபவ பாத்தியதை மட்டுமே இருந்தது.

1850 செப்டம்பர் 27 அன்று நிறைவேறிய நிலக்கொடைச் சட்டம் அந்தக் கோரிக்கையை நிறைவேற்றியது. 1850 டிசம்பர் 1க்குள் குடியேறி நான்கு ஆண்டுகள் பயிரிட்ட தனியாளுக்கு 320 ஏக்கர். மணமானவர்களுக்குக் கணவன் பெயரில் 320, மனைவி பெயரில் 320 என்று மொத்தம் 640 ஏக்கர் இலவசமாகக் கிடைக்கும். மனைவியின் பெயரிலேயே நிலம் எழுதியது அக்காலத்துக்குப் புதுமை. ஆனால் தகுதி வெள்ளையருக்கும், வெள்ளைக் கலப்புடைய பழங்குடியினருக்கும் மட்டுமே என்று சட்டம் வரையறுத்தது. கறுப்பினத்தவரை விலக்கிவைப்பதைத் தர்ஸ்டன் காங்கிரஸில் வெளிப்படையாக ஆதரித்து வாதாடினார். அவர்கள் பழங்குடியினரோடு மணவுறவு கொண்டு கலந்து வெள்ளையருக்கு எதிராகத் திரண்டுவிடுவார்கள் என்பது அவர் சொன்ன காரணம். அதே சட்டத்தின் 11ஆம் பிரிவு, ஓரிகன் சிட்டியில் மெக்லாக்லின் உரிமை கொண்டாடிய நிலத்தை அவரிடமிருந்து பறித்தது. பசித்துவந்த குடியேறிகளுக்குக் கடன் கொடுத்த மனிதரும், அண்டை வீட்டாரை வண்டியேற்றி அழைத்துவந்த மனிதரும் ஒரே சட்டத்தில் நிலமிழந்தார்கள். மெக்லாக்லின் 1857இல் இறந்தார். நிலம் 1862இல்தான் அவருடைய வாரிசுகளிடம் திரும்பியது.

தர்ஸ்டன் அதற்கு முன்பே, 1851 ஏப்ரல் 9 அன்று, காங்கிரஸிலிருந்து ஊர் திரும்பும் வழியில் மெக்சிகோவின் அகபுல்கோவுக்கு அருகே கப்பலில் காலமானார். அவருக்கு வயது 34. மறு ஆண்டு, கொலம்பியாவுக்கு வடக்கே மக்கள்தொகை பெருகியதால் லூயிஸ் கவுண்டியிலிருந்து ஒரு புதிய கவுண்டியைப் பிரிக்க ஓரிகன் சட்டமன்றம் முடிவு செய்தது. முதலில் முன்மொழியப்பட்ட பெயர் சிம்மன்ஸ் கவுண்டி என்பது. விவாதத்தில் அது மாறி, மறைந்த பிரதிநிதியின் நினைவாக 1852 ஜனவரி 12 அன்று தர்ஸ்டன் கவுண்டி பிறந்தது. தொடக்கத்தில் அது கனடிய எல்லைவரை பியூஜெட் சவுண்ட் முழுவதையும் உள்ளடக்கிய மிகப் பெரும் பரப்பு. அதே ஆண்டு டிசம்பரிலேயே கிங், பியர்ஸ், ஜெபர்சன் என்று பிரிந்து சுருங்கத் தொடங்கிவிட்டது. ஒலிம்பியா தலைநகரானது. புஷ் தம் வயலைவிட்டு ஓர் அடி நகராமலே தர்ஸ்டன் கவுண்டிக்காரர் ஆனார்.

1852இன் பஞ்சமும் 1854இன் மனுவும்

அந்த ஆண்டு இலையுதிர்காலத்தில் ஓரிகன் பாதையில் வந்துசேர்ந்த குடியேறிகளின் எண்ணிக்கை மிகப் பெரியது. தானியம் போதவில்லை, விலை ஏறியது. புஷ்ஷின் களஞ்சியம் நிறைந்திருந்தது. வியாபாரிகள் மொத்தமாக நல்ல விலை பேசினார்கள். அவர் விற்க மறுத்தார். அக்காலத்தில் அங்கே வந்துசேர்ந்த எஸ்ரா மீக்கர் பிற்காலத்தில் எழுதிய குறிப்பின்படி, புஷ் அவ்வாண்டு விளைச்சலில் பெரும்பகுதியைப் புதிதாக வந்தவர்களுக்கே பகிர்ந்தளித்தார். பணம் இருந்தவர்களிடம், தேவைக்கு மேல் எடுக்காதீர்கள் என்றார். இல்லாதவர்களிடம், அடுத்த ஆண்டு தானியமாகவே திருப்பிக் கொடுங்கள் என்றார். நம் கிராமங்களில் விதைநெல் கடன் கொடுத்து அறுப்பில் நெல்லாகவே வாங்கிக்கொள்வார்களே, அதே ஏற்பாடு. மறு ஆண்டு விதைப்புக்கும் வழிசெய்கிற உதவி அது.

1853 மார்ச் 2 அன்று கொலம்பியாவுக்கு வடக்குப் பகுதி வாஷிங்டன் ஆட்சிப்பகுதியாகத் தனியே பிரிந்தது. 1854 தொடக்கத்தில் ஒலிம்பியாவில் அதன் முதல் சட்டமன்றம் கூடியது. உறுப்பினர்களில் பலர் புஷ்ஷை நேரில் அறிந்தவர்கள். அவருடைய தானியத்தை உண்டவர்களும் இருந்திருப்பார்கள். புஷ்ஷின் நிலத்தை அவருக்கே உறுதிசெய்யுமாறு அந்தச் சட்டமன்றம் காங்கிரஸுக்கு மனு அனுப்பியது. அவர் 1845 முதல் அந்த நிலத்தில் வசித்துப் பயிரிட்டு வருகிறார், குடியேற்றத்துக்குப் பெரிதும் துணைபுரிந்தார், வறியவர்களுக்கு உதவினார் என்பவை அதன் அடிப்படை. மறு ஆண்டு பிப்ரவரியில் சட்டம் வந்தது.

இந்த வழக்கின் நடு முடிச்சு இதுதான். 1850ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் பட்டா பெற்ற வெள்ளையர் எவரும் தாம் நல்லவர் என்று நிறுவ வேண்டியிருக்கவில்லை. குடியேறிய தேதியையும் பயிரிட்ட ஆண்டுகளையும் காட்டினால் போதும். புஷ்ஷுக்கு மட்டும் கொடைக்குணம் சான்றாகத் தேவைப்பட்டது. சட்டமன்றத்தின் பரிந்துரை தேவைப்பட்டது. காங்கிரஸின் தனிச்சட்டம் தேவைப்பட்டது. அண்டை வீட்டாரின் நன்றியுணர்வு உண்மையானது, போற்றத்தக்கது. ஆனால் அவர்கள் கேட்டது ஒருவருக்கு விலக்கு மட்டுமே. விதியை நீக்குமாறு அவர்கள் கேட்கவில்லை. 1850ஆம் ஆண்டுச் சட்டத்தின் நிறத்தகுதி 1855 பிப்ரவரி 10க்குப் பிறகும் அப்படியே இருந்தது. ஆட்சிப்பகுதியை உருவாக்கிய சட்டம் வாக்குரிமையை வெள்ளை ஆண்களுக்கு மட்டுமே வழங்கியது; அதிலும் புஷ்ஷுக்கு விலக்கு கிட்டவில்லை. தம்மை ஆள்பவர்களில் ஒருவரைக்கூட அவர் வாக்களித்துத் தேர்ந்ததில்லை.

பக்கத்து லூயிஸ் கவுண்டியில் பின்னாளில் சென்ட்ரேலியா நகரை நிறுவிய ஜார்ஜ் வாஷிங்டன் என்ற கறுப்பின முன்னோடிக்கு வேறு வழி வாய்த்தது. அவரை வளர்த்த வெள்ளைத் தம்பதியினர் நிலத்தைத் தம் பெயரில் பதிந்து, பிறகு அவருக்கு மாற்றிக் கொடுத்தார்கள். வெள்ளையர் ஒருவர் பெயரில் பதிவது, அல்லது காங்கிரஸின் தனிச்சட்டம். அந்தக் காலத்தில் ஒரு கறுப்பின விவசாயிக்கு அங்கே திறந்திருந்தவை இந்த இரண்டு வாசல்கள்தாம் போலும். இரண்டும் பிறரின் நல்லெண்ணத்தால் மட்டுமே திறப்பவை.

மெடிசின் க்ரீக்

தனிச்சட்டம் நிறைவேறுவதற்கு 46 நாள்களுக்கு முன்பு, 1854 டிசம்பர் 26 அன்று, இன்றைய தர்ஸ்டன் கவுண்டிக்குள் மெடிசின் க்ரீக் என்ற ஓடைக்கரையில், ஆளுநர் ஐசக் ஸ்டீவன்ஸ் நிஸ்குவாலி, புயாலப் முதலிய மக்களோடு ஓர் ஒப்பந்தம் செய்தார். பரந்த நிலப்பரப்பை அவர்கள் விட்டுக்கொடுக்க வேண்டும். பதிலுக்குச் சிறிது பணமும், வழக்கமான இடங்களில் மீன்பிடிக்கும் உரிமையும், ஒதுக்கு நிலமும் கிடைக்கும். நிஸ்குவாலி மக்கள் அனைவருக்கும் சேர்த்து ஒதுக்கிய நிலம் 1,280 ஏக்கர். ஒரு மணமான குடியேறிக்குக் கிடைத்த 640 ஏக்கரின் சரியாக இரு மடங்கு. அதுவும் ஆற்றோரப் புல்வெளியில் இல்லை. மரமடர்ந்த மேட்டில் இருந்தது. இந்த ஒப்பந்தத்தைச் செனட் உறுதிசெய்தது 1855 மார்ச் 3 அன்று. நிலக்கொடைச் சட்டமோ நான்கு ஆண்டுகளுக்கும் மேலாக அந்த நிலத்தைக் குடியேறிகளுக்குப் பங்கிட்டுக்கொண்டிருந்தது. கிரயம் எழுதுமுன்பே பட்டா கொடுக்கப்பட்டது. புஷ்ஷின் 640 ஏக்கரும் அந்தப் பட்டியலில்தான் சேர்கிறது. அவருக்கு இழைக்கப்பட்ட அநீதியை எழுதும் எவரும் இந்த உண்மையையும் பக்கத்திலேயே வைத்து எழுத வேண்டும்.

நிஸ்குவாலித் தலைவர் லெஷாய் அந்த ஒதுக்கீட்டை ஏற்கவில்லை. ஒப்பந்தத்தில் அவர் பெயருக்கு எதிரே இருக்கும் கீறல் அவருடையதா என்பது இன்றும் விவாதத்துக்குரியது. 1855 அக்டோபரில் போர் மூண்டது. தொடக்க நாள்களிலேயே கொல்லப்பட்டவர்களில் ஒருவர், புஷ்ஷோடு 1845இல் வந்த ஐந்து குடும்பத் தலைவர்களில் ஒருவரான ஜேம்ஸ் மெக்அலிஸ்டர். லெஷாய் குடியேறிகளுக்குத் தொடக்கத்தில் உதவிய நண்பர் என்று புஷ்ஷின் மகன்களில் ஒருவர் பின்னாளில் நினைவுகூர்ந்தார். புஷ் பண்ணையைப் போர் தொடவில்லை. படைவீரர் ஒருவரைக் கொன்றதாக லெஷாய் மீது வழக்கு நடந்தது. முதல் விசாரணையில் நடுவர் குழு ஒருமித்த முடிவுக்கு வரவில்லை. அவர் குற்றவாளி அல்லர் என்று அதில் உறுதியாக நின்றவர்களில் ஒருவர் எஸ்ரா மீக்கர். புஷ்ஷின் தானியத்தைப் பற்றி எழுதிவைத்த அதே மீக்கர். இரண்டாம் விசாரணை மரண தண்டனை விதித்தது. 1858 பிப்ரவரி 19 அன்று லெஷாய் தூக்கிலிடப்பட்டார். 2004இல் வாஷிங்டன் மாநிலத்தில் கூடிய வரலாற்று நீதிமன்றம் ஒன்று அவரைக் குற்றமற்றவர் என்று அறிவித்தது.

அடுத்த தலைமுறை

ஜார்ஜ் புஷ் 1863 ஏப்ரல் 5 அன்று தம் பண்ணையில் இறந்தார்; இசபெல்லா 1866இல். நிறம் காரணமாக வாக்குரிமையை மறுக்கக் கூடாது என்ற அரசியலமைப்புத் திருத்தம் 1870இல் வந்தபோது இருவரும் இல்லை.

மூத்த மகன் வில்லியம் ஓவன் புஷ் பண்ணையைத் தொடர்ந்தார். 1876இல் பிலடெல்பியாவில் நடந்த நூற்றாண்டுப் பொருட்காட்சியில் அவர் அனுப்பிய கோதுமை பரிசு பெற்றது. அவருடைய பாட்டி வீட்டுவேலை பார்த்ததாகச் சொல்லப்படும் அதே நகரம் அது. 1889இல் வாஷிங்டன் முழு மாநிலமானபோது, அதன் முதல் சட்டமன்றத்துக்குத் தர்ஸ்டன் கவுண்டி வாக்காளர்கள் அவரைத் தேர்ந்தெடுத்தார்கள். பின்னாளில் வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகமாக வளர்ந்த வேளாண் கல்லூரியை அமைப்பதில் அவருக்குப் பங்கு உண்டு. சட்டமன்றம் கூடிய ஒலிம்பியாவிலிருந்து புஷ் புல்வெளி வண்டியில் போனால் சிறிது தொலைவுதான். அமர்வு முடிந்த நாள்களில் தந்தை நட்ட மரத்தடிக்குத் திரும்பி, அடுத்த விதைப்புக்கான கோதுமையைப் பிரித்துவைக்கும் வேலை அவருக்குக் காத்திருந்தது.